ஐந்து ரூபாய்த் தபால்தலையும் ஒரு பேரேடும்

தில்லி கிரீன் பார்க் வட்டாரத்தில் ஒரு சந்துக்கு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் லேன் என்று பெயர். யூசுப் சராய்ப் பக்கம் காய்கறி வாங்கப் போகிற நம்மவர்கள் பலர் அதைக் கடந்துதான் போகிறார்கள். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. 1908-ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்ட அந்தச் சங்கத்துக்கு 2008-ல் நூறு நிறைந்தது. அதை ஒட்டி நம் தபால் துறை 5 ரூபாய் மதிப்பில் ஒரு நினைவுத் தபால்தலை வெளியிட்டது. இக்கட்டுரை அந்தத் தபால்தலையைப் பற்றியது. அதைவிட அதிகமாக, அந்தத் தபால்தலையில் இடம் பெறாதவர்களைப் பற்றியது.

அடியேன் வியாபாரி. சதர் பஜார்ப் பக்கம் எவர்சில்வர்ப் பாத்திர மொத்த வியாபாரம். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. தபால்தலை சேர்ப்பதும் கல்வெட்டுப் புத்தகங்கள் படிப்பதும் கடை சாத்திய பிறகு வந்த பழக்கம். ஆகவே வரலாற்றைப் பார்க்கும்போதும் எனக்கு முதலில் பேரேடுதான் கண்ணில் படும். யார் பெயரில் பற்று, யார் பெயரில் வரவு, யார் பெயர் எழுதப்படவே இல்லை என்று பார்க்கிற புத்தி அது. நர்சுத் தொழிலின் வரலாற்றையும் அப்படித்தான் படித்தேன்.

தொடக்கத்தை எங்கே வைப்பது? நர்சிங் பாடப் புத்தகங்கள் பல 1664-ல் தொடங்குகின்றன. அந்த ஆண்டு சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஒரு மருத்துவமனை ஏற்பட்டது. இன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்று வழங்கும் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியின் வேர் அதுதான். ஆனால் நமக்கு அதற்கும் அறுநூறு ஆண்டு முந்திய பேரேடு ஒன்று கல்லிலே இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயில் மதிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் ஆட்சி 1063 முதல் 1070 வரை. கோயிலைச் சேர்ந்த கல்லூரி, அதன் மாணவர் விடுதி, கூடவே ஓர் ஆதுலர்சாலை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அதில் வருகிறது. ஆதுலர்சாலை என்றால் ஆஸ்பத்திரிதான். 15 படுக்கைகள். வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டு வருவோர், நாவிதர், தண்ணீர் எடுப்பவர் என்று வேலைக்காரர்களும் அவரவர் கூலியும் எழுதப்பட்டிருக்கின்றன. மருந்து காய்ச்சி நோயாளிகளுக்கு வேண்டியதைச் செய்யும் பெண்கள் இருவர் என்றும் ஒரு பதிவு வருகிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் காசும். அந்தப் பெண்கள் இருவருக்கும் சேர்த்தே அதைவிட மிகக் குறைவு.

சம்பள வித்தியாசம் எந்தக் காலத்திலும் உள்ளதுதான், அதை விடுங்கள். என்னை நிறுத்தியது வேறு. வைத்தியர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: கோதண்டராம அசுவத்தாம பட்டன். சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. பெண்கள் மட்டும் 'இருவர்'. தைலத்துக்குப் பெயர் உண்டு, தைலம் காய்ச்சியவளுக்கு இல்லை. கல்லில் பெண் பெயர் வெட்டும் வழக்கம் நம் நாட்டில் இல்லாமலில்லை. கழுகுமலையில் எங்கள் சமயத்துக் குரத்தியர் பலர், அதாவது பெண் துறவிகள், பெயரோடு நிற்கிறார்கள். துறந்தவளுக்கும் தானம் கொடுத்தவளுக்கும் கல்லில் இடம் இருந்தது. கூலிக்குத் தொண்டு செய்தவளுக்குத்தான் இடம் இல்லை.

சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருக்குறள் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நான்கு உறுப்பு கூறப்படுகிறது: நோயாளி, வைத்தியன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். அருகிருந்து பார்த்துக்கொள்பவன் என்பது பொருள். சரக சம்ஹிதையிலும் இதே நான்கு உண்டு. நோயாளியிடம் அன்பு, சுத்தம், திறமை, பணிவிடை முறை அறிந்திருத்தல் ஆகியவை அங்கே பரிசாரகனுக்குரிய குணங்கள். இந்தியில் நர்சுக்கு 'பரிசாரிகா' என்று அரசாங்கம் எழுதுவது இதிலிருந்து வந்தது. நம் ஊரில் பரிசாரகர் என்றால் சமையல்காரர்! நாம் சங்க இலக்கியத்திலிருந்து 'செவிலி'யை எடுத்தோம். உடன்போன மகளைத் தேடிப் பாலை நிலத்தில் நடந்தவள் அந்த வளர்ப்புத் தாய். இலங்கைத் தமிழர் தாதி என்கிறார்கள். வார்டில் படுத்திருப்பவர் வாயில் வருவதென்னவோ 'சிஸ்டர்'தான்.

எங்கள் சமண மரபில் வையாவிருத்தியம் என்று ஒரு தவம் சொல்லப்படும். நோயுற்ற துறவியருக்கும் தளர்ந்தவருக்கும் செய்யும் பணிவிடை அது. உண்ணாநோன்பு புறத்தவம் என்றால் இது அகத்தவத்தில் சேரும். நான்கு தானங்களில் மருந்து தானம் ஒன்று. சாந்தினி சௌக்கில், செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திரில் உள்ள பறவை ஆஸ்பத்திரியைப் பார்க்காத தில்லித் தமிழர் இருக்க மாட்டார். இவ்வளவு இருந்தும், தருமத்துக்குக் காசு கொடுத்த குடும்பங்கள், இது என் சமூகத்துக்கு மட்டுமல்ல, தம் பெண்ணை நர்சு வேலைக்கு அனுப்பவில்லை. புண்ணைத் தொடுவது, அந்நிய ஆணைத் தொடுவது, ராத்திரி வீட்டுக்கு வெளியே இருப்பது, இவை மூன்றும் குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். இந்த எண்ணத்தை உடைக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. நர்சுத் தொழிலின் உண்மையான வரலாறு என்பது என் பார்வையில் இதுதான்.

மறுபடி சென்னைக்கு வருவோம். எழும்பூரில் 1844-ல் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி அமைக்க அரசாங்கம் அனுமதித்தது. 1871-ல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 4 பேர். நாலே நாலு பேர்! 1885-ல் மேரி ஷார்லீப் அம்மையார் முயற்சியில் திருவல்லிக்கேணியில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வந்தது. இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அன்று அதற்கு வைத்த பெயரிலேயே 'சாதி' என்றும் 'கோஷா' என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. சாதி ஆசாரம் பார்ப்பவர்களும் பர்தாவில் இருப்பவர்களும் பயப்படாமல் வரலாம் என்று வாசலிலேயே எழுதிப் போட்டால்தான் வருவார்கள் என்கிற நிலை.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை. வந்தார் என்று நம் மேடைகளில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது சரியல்ல. லண்டனில் இருந்துகொண்டே இந்திய ராணுவ முகாம்களிலிருந்து கணக்கு வரவழைத்துப் படித்தவர் அவர். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் செத்தார்கள் என்பதையும், குண்டு பட்டல்ல, பெரும்பாலும் சாக்கடையாலும் கெட்ட தண்ணீராலும்தான் என்பதையும் 1863-ல் வெளியான அரச கமிஷன் அறிக்கையின் வழியாக உலகுக்குக் காட்டினார். கையில் விளக்கோடு இருக்கும் படம் மட்டும் நமக்குப் போதும் என்று ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் அவர் கையில் இருக்க வேண்டியது ஒரு கணக்குப் புத்தகம்.

தில்லிக் கதைக்கு வருகிறேன். இந்தியப் பெண்களுக்கு முதன்முதலில் நர்சுப் பயிற்சி கொடுத்தது தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை, ஆண்டு 1867 என்று பல பாடப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனையே 1885-ல்தான் சாந்தினி சௌக்கில் திறக்கப்பட்டது. இல்லாத கட்டடத்தில் எப்படிப் பயிற்சி? இதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது: பிரிசில்லா வின்ட்டர் என்ற பாதிரியார் மனைவி 1860-களில் யமுனைக் கரையில் உட்கார்ந்து, குளிக்க வரும் பெண்களுக்கு மருந்து கொடுத்து வந்தார். ஆண் டாக்டரிடம் வராத பெண்கள் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பயிற்சி என்று ஏதாவது 1867-ல் தொடங்கியிருந்தால் அது அந்தத் தொண்டைச் சார்ந்ததாகத்தான் இருக்க முடியும். மருத்துவமனை எழுந்தது அவர் மறைந்த பிறகு. பின்னாளில் அது தீஸ் ஹசாரிக்கு மாறியது. இன்றும் அங்கே இருக்கிறது. வேடிக்கையாக ஒன்று: 1664-ல் சென்னையில் ஆஸ்பத்திரி திறந்த கம்பெனி அதிகாரியின் பெயரும் வின்ட்டர்தான், சர் எட்வர்ட் வின்ட்டர். உறவு என்று சொல்ல வரவில்லை, பெயர்ப் பொருத்தம்தான்.

தபால்தலைக்குரிய சங்கம் பிறந்த கதை இனி. 1905-ல் லக்னோவில் நர்சு மேற்பார்வையாளர்கள் சங்கம் ஒன்று அமைந்தது. சில ஐரோப்பியப் பெண்மணிகள் கூடி அமைத்தது அது. அதிகாரிகள் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற எல்லா நர்சுகளும் சேர வேண்டும் என்று 1908-ல் முடிவானது. 1910-ல் சங்கத்தின் பத்திரிகை வெளிவந்தது. 1912-ல் உலக நர்சுகள் பேரவையில் இணைந்தார்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் 35 ஆண்டு இருக்கும்போது, இந்தியா என்ற பெயரில் ஓர் உலக அவையில் இடம் பிடித்த பெண்கள் இவர்கள். பெரும்பாலோர் வெள்ளைக்காரிகள் என்பது உண்மைதான். ஆனாலும் நாற்காலியைப் போட்டு வைத்தார்கள். பின்னால் நம் பெண்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் சங்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1926. அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியது. பயிற்சி முடித்தவர்களின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுப்பது அதன் சாரம். உலகில் நியூசிலாந்து இதை 1901-லேயே செய்தது, இங்கிலாந்து 1919-ல். இந்திய மாகாணங்களில் சென்னை முன்வரிசையில் நின்றது. யோசித்துப் பாருங்கள். சொத்துப் பட்டாவில் பெண் பெயர் அபூர்வம். கல்யாணப் பத்திரிகையில் இன்னாருடைய குமாரத்தி. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயர், அவள் கற்ற தொழிலுக்காக, அவள் பெயராகவே, ஓர் அரசாங்கப் பேரேட்டில் ஏறியது. திருமுக்கூடலில் 'இருவர்' என்று நின்றுபோன கணக்கு சுமார் 860 ஆண்டு கழித்து அதே தொண்டை நாட்டில் பெயரோடு எழுதப்பட்டது. சட்டம் செய்தவர்கள் திருமுக்கூடலை நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு நினைவு வருகிறது.

வேலூரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. திண்டிவனம் எங்கள் மேல்சித்தாமூர் மடத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே ஓர் இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்குப் பெண் துணை கேட்டு ஐடா ஸ்கடரிடம் வந்து, டாக்டரான அவர் தந்தையை அழைத்துப் போக மறுத்து, மூன்று பெண்களும் இறந்த கதை பலரும் அறிந்தது. ஐடா டாக்டராகித் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். பலரும் அறியாதது, அவர் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-ல், நர்சுப் பள்ளியோ அதற்கு 9 ஆண்டு முன்பே, 1909-ல் என்பது. டாக்டர் ஒருவர் இருந்தால் போதாது, உழைச்செல்வார் வேண்டும் என்பது அந்த அம்மைக்குத் தெரிந்திருந்தது. 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பு இந்தியாவில் இரண்டு இடங்களில் தொடங்கியது: ஒன்று வேலூர், மற்றொன்று தில்லி. நம் இரு ஊர்களும்!

அதே 1946-ல்தான் போர் கமிட்டி அறிக்கை வந்தது. போர் என்பது யுத்தமல்ல, தலைவர் சர் ஜோசப் போர். நம் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். நாடு முழுவதற்கும் நர்சுகள் சுமார் 7,000 பேர் என்று கமிட்டி கணக்கெடுத்தது. 43,000 மக்களுக்கு ஒரு நர்சு. டாக்டர் கணக்கு 6,300 பேருக்கு ஒருவர். உலகத்தில் ஒரு டாக்டருக்குப் பல நர்சு என்றால், இங்கே ஒரு நர்சுக்கு ஏழு டாக்டர். தலைகீழ்! பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று வீடுகளில் சொன்ன பேச்செல்லாம் கூட்டினால் வந்த தொகை இந்த 43,000. கமிட்டியார் நர்சுகளின் தங்குமிடம், சம்பளம், வேலை நேரம் பற்றியும் கவலைப்பட்டு எழுதினார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர். இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947 டிசம்பர் 31-ல் ஏற்பட்டது. பிரிவினையின் ரத்தம் காயாத தில்லியில், அகதி முகாம்களுக்கு நடுவே, நர்சுப் படிப்புக்கு நாடு முழுவதும் ஒரே தரம் வேண்டும் என்று உட்கார்ந்து சட்டம் எழுதியிருக்கிறார்கள். நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சென்னையில் படித்த பெண் தில்லியில் வேலை செய்ய வழி அதனால்தான் திறந்தது. 1946-ல் தொடங்கிய தில்லி நர்சிங் கல்லூரி 1974-லிருந்து அம்ரித் கௌர் பெயரில் மூல்சந்த் பக்கத்தில் நடக்கிறது. சிம்லாவில் தம் குடும்ப வீட்டையும் எய்ம்ஸ் நர்சுகளும் ஊழியர்களும் விடுமுறைக்குத் தங்க எழுதி வைத்தார் அந்த அம்மை. நர்சுக்கு ஓய்வு வேண்டும் என்று நினைத்த அமைச்சர்!

என் தொழிலில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 1980-களில் ஆஸ்பத்திரிகளுக்கு எவர்சில்வர் டிரே, கிண்ணம், பெட்பேன் சப்ளை செய்தோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சரக்கைப் பார்த்து வாங்கியவர் நாசரேத் பக்கத்து அம்மா ஒருவர், மேட்ரன். ஸ்டோர் குமாஸ்தா எடை பார்ப்பார், பில் பார்ப்பார். இந்த அம்மா கட்டைவிரலை விளிம்பு முழுக்க ஓட்டிப் பார்ப்பார். ஒரு தடவை 40 பெட்பேனில் 11-ஐத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஏன் சிஸ்டர், பளபளன்னு இருக்கேன்னு கேட்டேன். "தம்பி, இந்த விளிம்புல கை வச்சுப் பாருங்க. வயசானவங்க தோலு காயிதம் மாதிரி. இது கீறுச்சுன்னா புண்ணு ஆறவே ஆறாது. பளபளப்பு யாருக்கு வேணும்?" என்றார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் விளிம்பு மடிக்கிறவருக்குத் தனிக் கூலி. அந்த அம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் பெயரில் சந்து எதுவும் இல்லை.

மற்ற நாட்டுத் தபால்தலைகள் சிலவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நியூசிலாந்து 1929-ல் காசநோய் ஒழிப்புக்கு நிதி திரட்ட வெளியிட்ட தபால்தலையில் நர்சு உருவம் உண்டு. ஆஸ்திரேலியா 1955-ல் நர்சிங்குக்கென்றே ஒன்று வெளியிட்டது. அமெரிக்கா 1961-ல் வெளியிட்ட 4 சென்ட் தலையில் ஓர் இளம் நர்சு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். பிரிட்டன் 1970-ல் நைட்டிங்கேலின் 150-ஆம் ஆண்டுக்கு வெளியிட்டது. அதே 1970-ல் இந்தியா செஞ்சிலுவைச் சங்கப் பொன்விழாவுக்கு 20 பைசாத் தலை ஒன்று போட்டது. அதில் ஒரு நர்சும் ஒரு நோயாளியும். 1980-ல் மதர் தெரசா. கல்கத்தாத் தெருவில் தொண்டைத் தொடங்குமுன் அவர் பாட்னாவில் சில காலம் மருத்துவப் பணிவிடை கற்றுக்கொண்டார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1989-ல் அம்ரித் கௌர். 2008-ல் நாம் பேசிய 5 ரூபாய்த் தலை. என் ஆல்பத்தில் மன்னர், மந்திரி, டாக்டர், கவி, விளையாட்டு வீரர் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். நர்சை மட்டுமே தொழிலாகக் கொண்ட இந்தியப் பெண் ஒருவர் பெயரோடு அதில் இல்லை. தொழிலுக்கு மரியாதை செய்தாகிவிட்டது, சங்கத்துக்குச் செய்தாகிவிட்டது.

2020-ஐ உலகச் சுகாதார நிறுவனம் நர்சுகள், மருத்துவச்சிகள் ஆண்டாக அறிவித்திருந்தது. நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு என்பதற்காக. அந்த ஆண்டு எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். மார்ச் 22 மாலை தில்லி மொட்டை மாடிகளில் நாம் எல்லோரும் தட்டைத் தட்டினோம். அதே மாதத்தில், அதே தில்லியில், டாக்டர்களையும் நர்சுகளையும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதாகப் புகார் எழுந்து, எய்ம்ஸ் டாக்டர்கள் சங்கம் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. தொட்டால் தீட்டு என்ற பழைய பயம் புதுப் பெயரில் திரும்பி வந்தது. தட்டிய தட்டில் பாதி எங்கள் பட்டறைத் தட்டாகக்கூட இருக்கலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1946-க்குப் பிறகு தில்லி ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் பலர் உண்டு. கரோல் பாக், சரோஜினி நகர், ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ்களில் அவர்கள் குடும்பங்கள் இருந்தன, இன்றும் சில இருக்கின்றன. உங்கள் பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ அப்படி ஒருவர் என்றால், பெட்டியில் அவருடைய பதிவுச் சான்றிதழ் இருக்கும். கவுன்சில் முத்திரையும் எண்ணும் போட்ட தாள் அது. தேடி எடுத்துப் பெயர், ஊர், பயிற்சி பெற்ற இடம், ஆண்டு, வேலை பார்த்த வார்டு ஆகிய ஐந்தையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிச் சங்க நூலகத்தில் கொடுங்கள். இதற்கென்று அங்கே ஒரு நீள நோட்டு வைக்கச் செயற்குழு சம்மதித்திருக்கிறது. முதல் பக்கத்தில் அந்த நாசரேத் அம்மாவின் பெயரை, அவர் பிள்ளைகளிடம் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டு, நான் எழுதுகிறேன்.